சூரிய மின்சாரம்: ஏற்பதா, காத்திருப்பதா?

சூரிய மின்னுற்பத்திச் சாதனங்களை இன்றே நிறுவுவதா, அவை மேலும் திருத்தமுற்று மலிவடையும்வரை காத்திருப்பதா என்னும் வினா இன்று பல வீடுகளில் எழுகின்றது. இதனைத் தனிமனித விவேகம் பற்றிய வினாவாக மட்டும் கொள்ளுதல் பொருத்தமன்று.

பொறியொன்று தேய்வதனால் மட்டுமன்றி, அதனினும் சிறந்த அல்லது மலிவான பொறி தோன்றுவதனாலும் பெறுமதியை இழக்கின்றது என மார்க்ஸ் 'மூலதனம்' முதற் பாகத்தில் (1867) விளக்கினார். காத்திருப்போரின் அச்சமும் இத்தகையதே. ஆயின், அவ்விழப்பு சந்தைப் போட்டியில் நிற்கும் முதலாளியையே பிரதானமாகத் தாக்குவது. தன் தேவைக்கு மின்சாரம் பெறும் குடும்பத்துக்கு முக்கியமானது பயன்பாட்டுப் பெறுமதியாகும். அயல்வீட்டுக் கூரையில் புதிய படல் ஏறுவதனால் நம் படல் தரும் மின்னலகுகள் குறைவதில்லை.

மேலும், 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடம் வெளிப்படுத்திய சிலிக்கன் மின்கலத்தின் வினைத்திறன் ஏறத்தாழ 6 சதவீதம். இன்று சாதாரண வணிகப் படல்களே 20 சதவீதத்தைக் கடந்துள்ளன. தனிச் சிலிக்கன் மின்கலத்தின் கோட்பாட்டெல்லை ஏறத்தாழ 29 சதவீதமாகும். எனவே இத்துறையில் பெரும் பாய்ச்சலை எதிர்பார்த்துக் காத்திருத்தல் அத்துணை பயன் தராது.

விலை வீழ்ச்சியும் காலம் தானாக அளித்த கொடையன்று. ஒட்டுமொத்த உற்பத்தி இரட்டித்த ஒவ்வொரு முறையும் படலின் விலை சராசரியாக ஐந்திலொரு பங்கு வீழ்ந்தது. ஜேர்மனியின் 2000ஆம் ஆண்டுச் சட்டம் உருவாக்கிய கேள்வியும், பின்னர் சீனத் தொழிற்சாலைகளின் பேரளவு உற்பத்தியும் இதனைச் சாத்தியமாக்கின. யாவரும் காத்திருந்திருப்பின், காத்திருப்பதற்கு எதுவுமே இருந்திராது.

காத்திருத்தலுக்கும் விலையுண்டு. 2022 மார்ச்சில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டை அனுபவித்த இலங்கையர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஆனால் 2025 ஏப்ரலில், புத்தாண்டு விடுமுறையின்போது மின்கேள்வி குறைந்தமையால், கூரைமேல் மின்னுற்பத்தியைப் பகலில் நிறுத்திவைக்குமாறு உரிமையாளர்கள் கேட்கப்பட்டனர். பகலில் மிகும் மின்சாரத்தை இரவுக்குச் சேமிக்கும் வசதி போதாமையே இம்முரண்பாட்டின் அடிப்படை. பற்றரியையும் மின்வலையமைப்பையும் பொறுத்தவரை, தனிவீடு தனித்து எடுக்கும் முடிவு போதியதன்று. அவை பொதுமுதலீட்டை வேண்டுவன.

ஆகவே சொந்தக் கூரையும் பகல்நேரத் தேவையும் உடையோர் படலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. எனினும், வாடகை வீட்டாரும் மலையக லயன்களில் வாழ்வோரும் இத்தெரிவைப் பெறவேயில்லை. 'இன்றா, நாளையா' என்று கேட்பதற்கே ஒரு கூரை உரிமையாக வேண்டியுள்ளது. கூரையற்றோரும் பங்குகொள்ளும் பொதுச் சூரிய மின்னுற்பத்தி எப்போது என்பதே நாம் எழுப்பவேண்டிய அடுத்த வினாவாகும்.