அதிர்ச்சிக் கம்பிக்கு எது சரியான இடம்?

இதயம் துடிப்பதை விட்டு வெறுமனே நடுங்கத் தொடங்கினால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். அந்த நேரத்தில் உள்ளிருந்தே மின் அதிர்ச்சி கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டர், 1980 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதன்முதலாக ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. அதை உருவாக்கியவர் மிஷேல் மிரோவ்ஸ்கி. அன்று நெஞ்சைத் திறக்க வேண்டியிருந்தது. பின்னாளில் ரத்தக்குழாய் வழியாகவே கம்பியைச் செலுத்தி, வலது கீழறையின் நுனியில் பதிக்கும் வழக்கம் வந்தது.

அதிர்ச்சிக்கு அது நல்ல இடம். ஆனால் அதே கம்பி பேஸ்மேக்கர் வேலையும் பார்க்கிறது. நுனியிலிருந்து கிளம்பும் துடிப்பு தசைக்குள் ஊர்ந்து போவதால், இதயத்தின் இடப்பக்கம் பிந்திச் சுருங்குகிறது. தேவையில்லாமல் இப்படித் துடிக்கவைத்தால் இதயச் செயலிழப்பு கூடுகிறது என்று 2002இல் வெளியான ‘டேவிட்’ ஆய்வு எச்சரித்தது.

இதயத்துக்கென்று இயற்கையான மின்பாதை இருப்பதை 1906லேயே ஜப்பானியர் சுனாவோ டவாரா விரிவாக வரைந்து காட்டிவிட்டார். அதன் இடது கிளை, இரு கீழறைகளுக்கும் நடுவிலுள்ள சுவரின் இடப்பக்கத்தில் ஓடுகிறது. 2017இல் சீனாவின் வென்சூ நகர மருத்துவர் வெய்ஜியன் ஹுவாங், வலப்பக்கமிருந்து அந்தச் சுவரைத் துளைத்து பேஸ்மேக்கர் கம்பியை அங்கே சேர்த்தார். கம்பியைத் திருகத் திருக ஈசிஜி கோடு மாறும். மருத்துவரின் கண் அதிலேயே இருக்கும். கொஞ்சம் அதிகம் திருகினால் முனை இடது கீழறைக்குள் எட்டிப் பார்த்துவிடும்.

அந்தப் பேஸ்மேக்கர் கம்பி மெல்லியது, ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவு. வழக்கமான அதிர்ச்சிக் கம்பி ஏறக்குறைய அதைப் போல் இரு மடங்கு. அந்தத் தடித்த கம்பியை அதே இடத்தில் சுவருக்குள் திருகுவது கடினம். தவிர, இடம் மேலே நகர்ந்தால் மேலறையின் மின்னலையையும் கருவி எண்ணிவிட்டு, விழித்திருப்பவருக்கே அதிர்ச்சி கொடுத்துவிடலாம்.

மதுரை வேலம்மாள் மருத்துவக் கல்லூரியின் சண்முகசுந்தரம் பொன்னுசாமி குழு ஒரு நடுவழியைச் சோதித்தது. துடிக்கவைப்பதும் துடிப்பைக் கவனிப்பதும் இடது கிளையில் பதித்த மெல்லிய கம்பிக்கு; அதிர்ச்சி மட்டும் பழைய கம்பிக்கு. இரண்டையும் ஒன்றாக்கும் முயற்சியும் நடக்கிறது. ஒன்றரை மில்லிமீட்டரை ஒட்டிய அதிர்ச்சிக் கம்பி ஒன்றுக்கு 2025இல் அமெரிக்க மருந்து, கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி தந்தது, முதலில் வலது கீழறைக்கு மட்டும்.

மெல்லிய கம்பி என்றதும் 2007 நினைவுக்கு வர வேண்டும். ஸ்பிரின்ட் ஃபிடெலிஸ் என்ற மெலிந்த அதிர்ச்சிக் கம்பி உள்ளேயே முறிந்து, விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. ஒவ்வொரு துடிப்புக்கும் சுவரோடு வளையும் கம்பி பத்தாண்டு தாங்குமா என்பதைப் பத்தாண்டு பார்த்தால்தான் சொல்ல முடியும். துடிக்கவைக்கும் தேவையே இல்லாமல் அதிர்ச்சிக் காவல் மட்டும் வேண்டுவோர் புதிய இடத்துக்கு அவசரப்பட வேண்டியதில்லை.