எச்.ஐ.வி.: அமெரிக்கக் கறுப்பினத்தவரை விடாத தொற்று

தொடக்கத்திலேயே தவறிய பார்வை

1981 ஜூன் 5 அன்று, லாஸ் ஏஞ்சலிஸ் இளைஞர்கள் ஐவரைத் தாக்கிய அபூர்வ நுரையீரல் தொற்று பற்றி அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சிறு அறிக்கை வெளியிட்டது. எய்ட்ஸ் பற்றிய முதல் அறிக்கை அதுதான். அதன்பின் பல ஆண்டுகள், வெள்ளையினத் தன்பாலின ஈர்ப்பாளர்களின் நோயாகவே ஊடகங்கள் இதைக் காட்டின. 1991 நவம்பரில் கூடைப்பந்து வீரர் மேஜிக் ஜான்சன் தனக்கு எச்.ஐ.வி. இருப்பதை அறிவித்தபோது, கறுப்பினக் குடும்பங்கள் பலவற்றுக்கு அது பேரதிர்ச்சி. கிருமியோ அதற்குள் அவர்களிடையே வெகுவாகப் பரவியிருந்தது.

இன்று அந்நாட்டு மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. புதிதாகத் தொற்று கண்டறியப்படுவோரிலோ ஐந்தில் இரண்டு பங்குக்கு நெருக்கம். லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரிடமும் தொற்று அவர்களின் மக்கள்தொகை விகிதத்தை மீறியே இருக்கிறது.

நடத்தையா காரணம்?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆய்வுகள் அதை ஏற்கவில்லை. கறுப்பினத் தன்பாலின ஈர்ப்பாளர்கள் வெள்ளையினத்தவரைவிட அதிகமாகப் பாதுகாப்பற்ற உறவு கொள்வதில்லை. ஆனால் அவர்கள் பழகும் வட்டத்தில் சிகிச்சை கிடைக்காத தொற்றாளர்கள் அதிகம். அதனால் ஒரே அளவு கவனக்குறைவுக்கு அவர்கள் கொடுக்கும் விலை கூடுகிறது.

மருந்து யாருக்கு?

1996 முதல் கூட்டு மருந்துச் சிகிச்சை மரணங்களை வெகுவாகக் குறைத்தது. 2012இல் தொற்றைத் தடுக்கும் மாத்திரைக்கே ஒப்புதல் கிடைத்தது. இரண்டும் காப்பீடு உள்ளவர்களைத்தான் முதலில் சென்றடைந்தன. புதிய தொற்றுகளில் பாதி நிகழும் தென்மாநிலங்களில்தான் காப்பீடற்ற ஏழைகளும் அதிகம்.

டஸ்கீகி விட்டுச்சென்ற அவநம்பிக்கை

அலபாமாவின் டஸ்கீகியில், சிபிலிஸ் என்னும் மேகநோய் கண்ட ஏறத்தாழ 400 கறுப்பின ஆண்களை, அரசு மருத்துவர்கள் 1932 முதல் 1972 வரை சிகிச்சை தராமல் வெறுமனே கவனித்து வந்தார்கள். பென்சிலின் வந்த பிறகும்கூட. மருத்துவமனை மீதான கறுப்பினத்தவரின் சந்தேகத்தை அறியாமை என்று ஒதுக்குபவர்கள் இந்த வரலாற்றைப் படித்துவிட்டுப் பேசட்டும்.

அந்த அவநம்பிக்கைச் சுவரைக் கடக்க தேவாலயங்களின் வழியே முயன்றவர் பெர்னெஸ்ஸா சீல். 1989இல் நியூயார்க்கின் ஹார்லெமில் எய்ட்ஸ் நோயாளிகளுக்காகப் பிரார்த்தனை வாரம் நடத்தினார். பேசத் தயங்கிய போதகர்கள் பலர் அதன்பின் பேசத் தொடங்கினார்கள்.

இப்போது

மருந்தைத் தவறாமல் உட்கொண்டு, ரத்தப் பரிசோதனையில் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவு மூலம் தொற்று பரவாது. இது உறுதியான மருத்துவ உண்மை. அப்படியிருக்க, ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்டை விரிவாக்க டெக்சாஸ், மிசிசிப்பி, அலபாமா போன்ற மாநிலங்கள் மறுப்பதை வெறும் வரவு செலவுக் கணக்காகப் பார்க்க முடியாது. தொற்று தொடர்வதில் அந்த அரசுகளுக்கும் பங்குண்டு.