சட்டப் பள்ளி தரும் தள்ளுபடி: இப்போதே வாங்கலாமா, ஓராண்டு பொறுக்கலாமா?

மார்ச் பிறந்துவிட்டால், அமெரிக்காவில் சட்டம் படிக்க விண்ணப்பித்த பிள்ளை இருக்கும் வீட்டில் ஒரு எக்செல் தாள் மூடப்படாமலே கிடக்கும். முதல் வரிசையில் பள்ளிகளின் பெயர், அடுத்ததில் ஆண்டுக் கட்டணம், அதற்கடுத்ததில் ‘வாழ்த்துகள்’ என்று தொடங்கிய மின்னஞ்சலில் வந்த உதவித்தொகை. எல்லாவற்றுக்கும் கடைசியில், எண் எதுவும் இல்லாமல், ‘அடுத்த வருஷம்?’ என்று ஒரு கட்டம் இருக்கும். ஏப்ரல் நடுவில் முன்பணம் கட்டும் கெடு வரத் தொடங்கும் வரை வீட்டில் பேச்செல்லாம் அந்தக் கட்டத்தைப் பற்றித்தான்.

நம்மூரில் பிளஸ் டூ முடித்த கையோடு ஐந்தாண்டு சட்டப் படிப்பில் சேரலாம். அமெரிக்காவில் முதலில் ஒரு பட்டம் வாங்க வேண்டும். அதன் பிறகுதான் ஜே.டி. என்ற மூன்றாண்டுச் சட்டப் படிப்பு. முன்னணிப் பள்ளிகளில் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 75,000 டாலரைத் தாண்டிவிட்டது. அந்தத் தொகைக்கு எதிரே ‘உங்களுக்கு 30,000 டாலர் உதவித்தொகை’ என்று கடிதம் வந்தால் யாருக்கும் மனம் குளிரும். ஆனால் ‘உதவித்தொகை’ என்ற சொல்லே நம்மை ஏமாற்றுகிறது என்பேன். நம் காதில் அது வறுமைக்கோ தகுதிக்கோ யாரோ மனமுவந்து கொடுப்பதாக விழுகிறது. இங்கே நடப்பது ஆடித் தள்ளுபடி. அட்டையில் ஒரு விலை எழுதியிருக்கும், பெரும்பாலானோர் அதைக் கொடுப்பதில்லை.

தள்ளுபடி யாருக்கு என்பதில்தான் சூட்சுமம். சட்டப் பள்ளிகளின் தரவரிசையில் எல்சாட் நுழைவுத் தேர்வின் இடைநிலை மதிப்பெண்ணுக்கு ஒரு பங்கு உண்டு. 120-இல் தொடங்கி 180-இல் முடியும் தேர்வு அது. சேர்ந்த 200 பேரையும் மதிப்பெண்படி வரிசையில் நிற்க வைத்தால் நடுவில் நிற்பவரின் எண்தான் இடைநிலை. ஒரு பள்ளியின் இடைநிலை 165 என்றால், 167 வாங்கிய பிள்ளை அந்தக் கோட்டைத் தூக்கிப் பிடிக்கும் ஆள். அவருக்குப் பணம் கொட்டும். 162 வாங்கியவருக்கு இடம் கிடைக்கலாம், ஆனால் அட்டை விலைக்கு. அவர் கட்டும் முழுக் கட்டணம்தான் 167-காரரின் தள்ளுபடிக்கும் உதவுகிறது. குறைந்த மதிப்பெண்காரர் கடன் வாங்கிக் கூடுதல் மதிப்பெண்காரரைப் படிக்க வைக்கும் இந்த ஏற்பாடு எனக்கு ஒருநாளும் நியாயமாகப் பட்டதில்லை. ஹார்வர்ட், யேல், ஸ்டான்ஃபோர்ட் மூன்றும் இந்த ஆட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. அங்கே குடும்பத்தின் வசதியைப் பார்த்து மட்டுமே உதவி.

ஆகவே, ‘ஓராண்டு பொறுத்தால் கூடுதல் பணம் வருமா?’ என்ற கேள்வியை ‘என் எல்சாட் எண் மாறுமா?’ என்று திருத்திக் கேட்க வேண்டும். முதல் பட்டத்தின் சராசரி, பட்டம் வாங்கிய அன்றோடு உறைந்துவிடும். ஓராண்டு வேலை அனுபவம் கட்டுரைக்கு மெருகு தரும், தொகையைப் பெரிதாக அசைக்காது. அசைப்பது எல்சாட்தான். ஒருவர் பலமுறை எழுதினாலும் பள்ளிகள் தங்கள் புள்ளிவிவரத்தில் காட்டுவது அவருடைய உயர்ந்த மதிப்பெண்ணை மட்டுமே என்பதால், மறுபடி எழுதுவதில் பெரிய நட்டமில்லை. வாழ்நாளில் ஏழு முறைதான் எழுதலாம் என்ற வரம்பு மட்டும் நினைவிருக்கட்டும்.

மாறுமா என்பதற்குச் சோதிடம் வேண்டாம். வீட்டில் மணி பார்த்து எழுதிய கடைசி ஐந்தாறு மாதிரித் தேர்வுகளை எடுத்து வையுங்கள். அவற்றில் 168, 169 என்று வந்து, தேர்வன்று காய்ச்சலிலோ பதற்றத்திலோ 163-இல் நின்றிருந்தால் காத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. மாதிரித் தேர்விலும் 163, நிஜத்திலும் 163 என்றால், ‘அடுத்த தடவை பார்த்துக்கலாம்’ என்பது வெறும் ஆசை.

இன்னொரு நல்ல காரணமும் உண்டு: தாமதம். விண்ணப்பங்கள் செப்டம்பர் வாக்கில் திறக்கும், வந்த வரிசையில் இடமும் பணமும் பிரித்துக் கொடுக்கப்படும். கல்யாணப் பந்தி மாதிரிதான். பிப்ரவரிக் கெடுவை ஒட்டி விண்ணப்பித்தவர் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவர். சோறு உண்டு, பாயசம் இருக்குமா என்பது சந்தேகம். அதே மதிப்பெண்ணோடு செப்டம்பரில் போனால் கதை வேறாகலாம்.

ஆனால் காத்திருப்பதற்கும் விலை உண்டு. இந்த ஆண்டு வந்த கடிதம் அடுத்த ஆண்டு செல்லாது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு அதே பள்ளிக்கு மறுபடி விண்ணப்பித்தால் பழைய தொகையைத் தர அவர்களுக்குக் கடமை இல்லை. ‘சேர்க்கையை ஓராண்டு தள்ளிவையுங்கள்’ என்று கேட்கலாம். பல பள்ளிகள், இடையில் வேறெங்கும் விண்ணப்பிக்கக் கூடாது என்று நிபந்தனை போடும். போட்டியும் நம் வசதிக்காகக் காத்திருப்பதில்லை. 2024-25 சுற்றில் விண்ணப்பித்தவர்கள் முந்தைய சுற்றைவிட ஏறத்தாழ 18 சதவீதம் அதிகம். 2023-24-இல் கிடைத்ததை வேண்டாம் என்று காத்திருந்தவர்கள் அந்தக் கூட்டத்துக்குள்தான் போய் விழுந்தார்கள்.

கடன் விதியும் மாறிவிட்டது. மீதிக் கட்டணம், வாடகை, சாப்பாடு எவ்வளவானாலும் அதுவரை கைகொடுத்தது ‘கிராட் பிளஸ்’ என்ற அரசுக் கடன். 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு அது கிடையாது. சட்ட மாணவர் அரசிடம் ஆண்டுக்கு 50,000 டாலர் வாங்கலாம், மொத்தத்தில் 2 லட்சம் டாலர் வரை. இது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் பொருந்தும் கணக்கு. சென்னையிலிருந்து மாணவர் விசாவில் போகிறவருக்கு அரசுக் கடன் முன்பும் இல்லை, இப்போதும் இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் கட்டணம் 50,000, தள்ளுபடி 30,000, வாழ்க்கைச் செலவு 25,000. ஆண்டுக்குத் தேவை 45,000 டாலர், அரசுக் கடனுக்குள் அடங்கிவிடும். பெருநகரத்தில் இன்னும் பேர்பெற்ற பள்ளி: கட்டணம் 70,000, தள்ளுபடி 10,000, செலவு 30,000. ஆண்டுக்கு 90,000. அரசு தருவது போக 40,000 துண்டு விழுகிறது, மூன்றாண்டில் 1,20,000 டாலர். அதைத் தனியார் வங்கியில் வாங்க வேண்டும். இருபத்து மூன்று வயதுப் பெண்ணை மட்டும் நம்பி வங்கி பெரும்பாலும் கொடுக்காது, பக்கத்தில் அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போட வேண்டும். பொதுச் சேவையில் பத்தாண்டு தவணை கட்டினால் மீதியைத் தள்ளுபடி செய்யும் திட்டமும் தனியார் கடனுக்குப் பொருந்தாது. பெரிய பள்ளிக்காக ஓராண்டு பொறுக்க நினைப்பவர், அங்கே தள்ளுபடி 10,000-இலிருந்து 50,000 ஆகுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அதற்குக் குறைந்து எது வந்தாலும் அப்பாவின் கையெழுத்து தேவைப்படும்.

கடிதத்தின் அடியில் சின்ன எழுத்தில் வரும் வரிக்கு இப்போது வருவோம். ‘3.0 சராசரியைத் தக்கவைத்தால் இத்தொகை தொடரும்.’ கல்லூரியில் 3.8 வாங்கிய பிள்ளைக்கு இது சிரிப்பாகத் தெரியும். முதலாண்டுச் சட்ட வகுப்பு அப்படியல்ல. ஒப்பந்தச் சட்டம், தீங்கியல், உரிமையியல் நடைமுறை போன்ற பாடங்களில் பெரும்பாலும் பருவத்துக்கு ஒரே பெரிய தேர்வு. விடைத்தாளில் பெயர் இருக்காது, எண் மட்டும். எல்லாரும் நன்றாக எழுதினாலும் எல்லாருக்கும் நல்ல மதிப்பெண் கிடையாது. வகுப்புச் சராசரி எங்கே நிற்க வேண்டும் என்று பள்ளி முன்கூட்டியே வரையறுத்திருக்கும். அது 2.8 என்று வைத்துக்கொள்வோம். 3.0 நிபந்தனையோடு வகுப்பில் அறுபது சதவீதம் பேருக்குத் தொகை கொடுத்திருந்தால், அவர்களில் பலர் அடுத்த ஆண்டு முழுக் கட்டணம் கட்டுவார்கள் என்பது சேர்க்கையன்றே எழுதப்பட்ட கணக்கு.

2011-இல் நியூயார்க் டைம்ஸ், சான்பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியை உதாரணமாக வைத்து இதை விரிவாக எழுதியது. (அந்தப் பள்ளி 2024-இல் ஜே.டி. படிப்பையே நிறுத்திவிட்டது.) இப்போது ஒவ்வொரு பள்ளியும், எத்தனை பேருக்கு நிபந்தனையோடு கொடுத்தது, எத்தனை பேருக்குக் குறைத்தது அல்லது நிறுத்தியது என்பதை அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் ‘509’ அறிக்கையில் ஆண்டுதோறும் வெளியிட்டாக வேண்டும். பள்ளியின் பெயரோடு அந்த எண்ணைச் சேர்த்துத் தேடினால் கிடைத்துவிடும். மூன்று நிமிட வேலை. வளாகச் சுற்றுலாவுக்கு விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்னால் இதைச் செய்துவிடுங்கள். நிபந்தனையுள்ள 30,000-ஐவிட நிபந்தனையில்லாத 20,000 எனக்குப் பெரிய தொகை.

சம்பளத்தைப் பற்றிச் சுருக்கமாக: பெருநிறுவனங்களில் முதலாண்டு வழக்கறிஞருக்கு 2,25,000 டாலர் என்பது உண்மை. புதிதாக வெளிவருபவர்களின் சம்பள வரைபடத்தில் ஒரு மேடு அங்கே இருக்கிறது, இன்னொரு மேடு 60,000-க்கும் 90,000-க்கும் நடுவில். இடைப்பட்ட பகுதியில் ஆட்கள் குறைவு. உங்கள் கையில் இருக்கும் பள்ளியின் பிள்ளைகள் எந்த மேட்டில் ஏறுகிறார்கள் என்பதையும் பள்ளிகள் வெளியிடும் வேலைவாய்ப்புப் பட்டியலே ஓரளவு சொல்லிவிடும்.

ஏற்பதா, மறுபடி முயல்வதா என்று இரண்டு கதவுகள்தான் இருப்பதாக நினைத்துக்கொண்டு பலர் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். பேரம் பேசலாம் என்பதே பல வீடுகளில் தெரியாது. சமமான இன்னொரு பள்ளியின் கடிதத்தை இணைத்து, ‘இங்கே சேரவே விருப்பம், தொகையை மறுபரிசீலனை செய்ய முடியுமா, நிபந்தனையை நீக்க முடியுமா’ என்று பணிவாக நாலு வரி எழுதலாம். தருகிறேன் என்றதைப் பிடுங்கிக்கொள்ளும் வழக்கமில்லை. கூடவே ஏப்ரல் அல்லது ஜூன் எல்சாட்டுக்குப் பெயர் கொடுத்து வைக்கலாம். கோடையில் வரும் புதிய மதிப்பெண்ணைப் பார்த்துத் தொகையைக் கூட்டும் பள்ளிகளும், காத்திருப்போர் பட்டியலிலிருந்து அழைக்கும் பள்ளிகளும் உண்டு. இடத்தைப் பிடித்து வைக்க முன்பணமாகச் சில நூறு டாலர் கட்டுங்கள். கட்டும்போது, பிற பள்ளிகளின் காத்திருப்புப் பட்டியலில் தொடரலாமா என்பதைப் படிவத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் வந்த பிறகும் அந்தக் கடைசிக் கட்டம் உறுத்தினால், முன்பணம் போனால் போகிறது என்று விலகிக்கொண்டு செப்டம்பர் முதல் பந்திக்குத் தயாராகலாம்.