பிள்ளைகளின் கிட்டப்பார்வை: பவர் கூடும்போது கண்ணில் நிகழ்வது என்ன?

பள்ளிகள் திறக்கும் ஜூன் மாதத்தில், கோவை மட்டுமன்றித் திருப்பூர், ஈரோடு, நாமக்கல், பொள்ளாச்சி பகுதிகளிலிருந்தும் பெற்றோர் பலர் தம் பிள்ளைகளைக் கண் பரிசோதனைக்கு அழைத்து வருகின்றனர். "போன வருடம் மைனஸ் மூன்று, இப்போது நாலரை, இது எப்போது நிற்கும்?" என்பதே அவர்களின் முதன்மையான கவலை.

பவர் கூடுவதற்குப் பெரும்பாலும் காரணம், கண்பந்து முன்பின்னாக நீள்வதே ஆகும். வளர்ந்தவரின் கண் ஏறத்தாழ 23 முதல் 24 மில்லிமீட்டர் நீளம் கொண்டது. அளவுக்கு மேல் நீண்டால், ஒளி விழித்திரையை அடையுமுன்னரே குவிந்துவிடுகிறது. தொலைவில் உள்ளவை மங்கலாகின்றன. கூடுதலாக 1 மில்லிமீட்டர் நீண்டால், பவர் சுமார் 2.5 டயாப்டர் உயரும்.

மைனஸ் 6 டயாப்டரும் அதற்கு மேலும் கடுமையான கிட்டப்பார்வை எனப்படும். கண் நீள நீள, உள்ளே உள்ள விழித்திரை இழுபட்டு மெலிகிறது. பிற்காலத்தில் விழித்திரை கிழிதல், பிரிதல், கண் நீர் அழுத்த நோய் ஆகியவற்றுக்கான வாய்ப்பு கூடுகிறது. கண்ணாடியோ லேசர் சிகிச்சையோ பார்வையைத் தெளிவாக்கும். நீண்ட கண்ணைக் குறுக்காது. ஆகவே, கண் வளரும் வயதிலேயே அதன் வேகத்தைக் குறைப்பது இன்றியமையாதது. ஏழு, எட்டு வயதில் தொடங்கும் கிட்டப்பார்வை, பதினான்கு வயதில் தொடங்குவதைவிடப் பல ஆண்டுகள் வளரக்கூடும் என்பதால் கூடுதல் கவனம் வேண்டும்.

முதல் மருந்து பகல் வெளிச்சம். சீனாவின் குவாங்சோ நகரில், பள்ளியில் நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் இருந்த மாணவர்களுள் மூன்றாண்டுகளில் 30.4 சதவீதத்தினருக்கும், மற்றவருள் 39.5 சதவீதத்தினருக்கும் புதிதாகக் கிட்டப்பார்வை ஏற்பட்டதாக 2015இல் வெளியான ஆய்வு கூறுகிறது. "வெயிலில் கறுத்துவிடுவான்" என்று தடுக்காதீர்கள். காலையும் மாலையும் மரநிழலில் விளையாடினாலும் போதிய வெளிச்சம் கிடைக்கும். நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் நல்ல இலக்கு. நீட் பயிற்சியிலும் விடுதிப் பள்ளியிலும் உள்ள பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். புத்தகத்தையும் கைப்பேசியையும் ஒரு முழங்கை தொலைவில் வைத்து, அவ்வப்போது தொலைவில் நோக்கச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே பவர் விரைந்து கூடும் பிள்ளைகளுக்கு வெளிச்சம் மட்டும் போதாது. குறைந்த செறிவுள்ள அட்ரோபின் சொட்டு மருந்து, அதற்கென வடிவமைத்த கண்ணாடி வில்லைகள், இரவில் அணியும் கான்டாக்ட் லென்ஸ் ஆகியவற்றுள் ஒன்றை மருத்துவர் பரிந்துரைக்கலாம். இவை வேகத்தைக் குறைப்பவையே; ஏறிய பவரை இறக்குவன அல்ல. சொட்டு மருந்தைத் தாமாகவே தொடங்குவதும் திடீரென நிறுத்துவதும் கூடாது.

கண்ணாடி அணிந்தால் பவர் கூடும் என்று அஞ்சிக் கழற்றி வைப்பதும், குறைந்த பவரில் கண்ணாடி வாங்குவதும் பிள்ளைக்குப் பயன் தரா. கேரட்டும் கீரையும் உடலுக்கு நல்லவை. கண் நீள்வதை அவை தடுப்பதில்லை.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை, சொட்டு மருந்திட்டுப் பவரையும் இயன்றால் கண்ணின் நீளத்தையும் அளந்துகொள்ளுங்கள். பழைய சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். பெற்றோருக்குக் கிட்டப்பார்வை இருப்பின், உடன்பிறந்த பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். கண்முன் திடீரெனக் கரும்புள்ளிகள் மிதத்தல், மின்னல் வெட்டுதல், திரை விழுந்தாற்போல் ஒருபக்கம் மறைதல் ஆகியவை தோன்றினால் அன்றே கண் மருத்துவரிடம் வரவேண்டும். அந்நாளில் தாமதிப்பது பார்வையை இழக்கச் செய்யலாம்.