தோழனிடம் கேட்பது போல

கோயிலுக்குப் போகிறார்கள், விளக்கேற்றுகிறார்கள், வேண்டிக்கொள்கிறார்கள். "ஆனால் கேட்கும்போதே, இது எங்கே கிடைக்கப்போகிறது என்று உள்ளுக்குள் ஒரு குரல் சொல்லிவிடுகிறது" என்று என்னிடம் சொன்னவர்கள் பலர். இன்னும் தீவிரமாக வேண்டினால் சரியாகிவிடும் என்று நினைத்துக் குரலை உயர்த்துகிறார்கள், விரதத்தைக் கூட்டுகிறார்கள். தயக்கம் போவதில்லை. டீயைக் குடித்துக்கொண்டே இதை நிதானமாகப் பார்ப்போம்.

பக்கத்து வீட்டில் உறைமோர் கேட்கப் போகும்போது நாம் ஒத்திகை பார்ப்பதில்லை. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நேரே அடுக்களைக்குள் போய்விடுகிறோம். அதே உறைமோரைத் தெருக்கோடியில் புதிதாகக் குடிவந்தவர்களிடம் கேட்க வேண்டுமென்றால் வாசலிலேயே நாக்கு ஒட்டிக்கொள்கிறது. கேட்கும் பொருள் ஒன்றுதான், பழக்கத்தில்தான் வித்தியாசம். பிரார்த்தனையில் வரும் தயக்கமும் பெரும்பாலும் இந்த வகைதான் என்று நான் நினைக்கிறேன்.

பழகிக் கேட்டவர் என்றால் எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் சுந்தரர். அவருடைய நூறு பதிகங்கள் ஏழாம் திருமுறையாக நம்மிடம் இருக்கின்றன. வாழ்க்கைக் கதையை 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்துச் சொன்னார். சம்பந்தரை மகன் நெறிக்கும், அப்பரை அடிமை நெறிக்கும் எடுத்துக்காட்டாகச் சொல்லும் சைவ மரபு, சுந்தரரைத் தம்பிரான் தோழர் என்கிறது. இந்தத் தோழமை அவர் தவம் செய்து சம்பாதித்ததில்லை. புத்தூரில் கல்யாணப் பந்தலில் அவர் உட்கார்ந்திருந்தபோது ஒரு கிழவர் ஓலையோடு வந்து, "நீ என் அடிமை" என்று வழக்கிட்டார். சுந்தரர் அவரை ஏசினார், ஓலையைப் பிடுங்கிக் கிழித்தார். கிழவராக வந்தது சிவன்தான்; உறவு சண்டையில்தான் ஆரம்பித்தது. பிறகு திருவாரூரில், தோழனாகத் தன்னையே தந்ததாக இறைவன் சொன்னான் என்கிறது புராணம். முதல் அடி அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. "எனக்கு என்ன தகுதி இருக்கிறது?" என்று தயங்குகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

அவர் என்னவெல்லாம் கேட்டார் பாருங்கள். குண்டையூரில் நெல் மலைபோல் குவிந்து கிடக்கிறது. அதைத் திருவாரூரில் மனைவி பரவையார் வீட்டுக்குக் கொண்டுபோக ஆளில்லை. இன்று திருக்குவளை என்று நாம் சொல்லும் திருக்கோளிலிக்குப் போய், ஊர் பேரோடு, வீட்டுக் கஷ்டத்தோடு, ஆள் அனுப்பச் சொல்லிப் பாடினார். முத்தி கேட்கும் வாயால் நெல் கேட்கலாமா என்ற கூச்சம் அவருக்கு இல்லை. அன்றிரவு பூதங்கள் சுமந்து வந்த நெல் ஆரூர்த் தெருவையே அடைத்ததாம். அவரவர் வாசலில் கிடப்பதை அவரவர் எடுத்துக்கொள்ளலாம் என்று பரவையார் பறை அறைவித்தார். எனக்குப் பிடித்த இடம் இது. ஒரு வீட்டுக்காகக் கேட்டது ஊருக்கே போதுமானதாக ஆகிவிட்டது.

தோழன் என்றால் கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று இதை வைத்து முடிவுகட்டிவிட வேண்டாம். திருவொற்றியூரில் சங்கிலியாரை மணக்க, "உன்னைப் பிரியேன்" என்று சத்தியம் செய்ய வேண்டி வந்தது. சத்திய நேரத்தில் சன்னிதியை விட்டு மகிழமரத்தடியில் போய் இரும் என்று சுந்தரர் இறைவனிடமே ரகசியமாக ஏற்பாடு செய்துகொண்டார். இறைவனோ, அந்த மரத்தடியிலேயே சத்தியம் வாங்கச் சொல்லி சங்கிலியாருக்கு உணர்த்திவிட்டார். பின்னாளில் ஆரூர் நினைவு தாளாமல் சுந்தரர் ஒற்றியூர் எல்லையைத் தாண்டினார். இரண்டு கண்ணும் போயின. நெருக்கம் அவரைத் தண்டனையிலிருந்து காப்பாற்றவில்லை.

ஆனால் அவர் பேச்சை நிறுத்தவில்லை. தப்பு செய்துவிட்டோம், இனி எந்த முகத்தோடு போய் நிற்பது என்று நாம் மாதக்கணக்கில் ஒதுங்கியிருப்போமே, அதை அவர் செய்யவில்லை. குற்றம் தன்னுடையது என்று தெரிந்தே முறையிட்டுக்கொண்டு போனார். திருவெண்பாக்கத்தில் கண் கேட்டார், ஊன்றுகோல்தான் கிடைத்தது. அந்தக் கோலை ஊன்றியே காஞ்சிக்கு நடந்தார். அங்கே இடக்கண் வந்தது. வலக்கண்ணுக்கு ஆரூர் வரை போக வேண்டியிருந்தது. அடியார்கள் இப்படி அல்லாடும்போது நீர் மட்டும் நன்றாக இரும் என்கிற தொனியில் அங்கே ஒரு பதிகமே பாடினார். தேவாரத்தில் இவ்வளவு கோபத்துக்கு இடம் இருக்கிறது என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

கிறிஸ்தவ நண்பர்களுக்கு இது புதிதாக இருக்காது. சங்கீதப் புத்தகத்தின் 150 சங்கீதங்களில் பல முறையீடுகள்தான். 88ஆவது சங்கீதம் ஒரு தேறுதலும் சொல்லாமல் இருளிலேயே முடிகிறது. அதையும் யாரும் எடுத்துவிடவில்லை. வேதத்தோடு சேர்த்தே ஓதுகிறார்கள்.

ஆகவே தைரியமாக வேண்டுவது என்றால் பலன் நிச்சயம் என்று மனதை இறுக்கிக்கொள்வதாக எனக்குத் தோன்றவில்லை. கோல் கிடைத்தாலும் அடுத்த ஊருக்குப் போய் மறுபடி கேட்க முடிகிறதே, அந்தத் தெம்பைத்தான் நான் தைரியம் என்பேன். அது பழகப் பழகத்தான் வரும். கேட்க ஒன்றும் இல்லாத நாளிலும் விளக்கின் முன் ஐந்து நிமிஷம் உட்காருங்கள். அன்றைய சமாச்சாரத்தைச் சொல்லுங்கள்: மகள் பரீட்சை எழுதியது, கடைக்காரரிடம் கடிந்து பேசியது, முழங்கால் வலி, எல்லாவற்றையும். ஸ்தோத்திரம் தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால் வீட்டில் பேசும் தமிழ் போதும். கோபம் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பிறகு ஒரு தேவை வரும்போது எந்த ஊர், என்ன பொருள், எதற்காக என்று சுந்தரரைப் போல விவரமாகவே கேளுங்கள்.