ஒத்தியும் சுவாதீனமும்: ஒரு சட்டப் பிரதியை வாசித்தல்

நாளிதழின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் வருகிற ‘சுவாதீன அறிவிப்பு’ என்ற பிரதியை இலக்கியவாதிகளாகிய நாம் வாசிப்பதில்லை. கடன்தாரர் பெயர், சர்வே எண், நான்கு எல்லை, பாக்கித்தொகை, அவ்வளவுதான். வட்டார மொழி நாளிதழ் ஒன்றிலும் வெளியிட வேண்டும் என்கிறது விதி; யாருடைய வீடோ அவருக்கு விளங்கும்படி எழுத வேண்டும் என்று சொல்லவில்லை.

இந்தப் பிரதியைப் பிறப்பித்தது 2002ஆம் வருஷத்து ‘சர்ஃபேசி’ சட்டம். அதைப் புரிந்துகொள்ள, கோவில்பட்டிப் பக்கம் எல்லோரும் அறிந்த ஒத்தியிலிருந்து தொடங்குவது நல்லது என்று நினைக்கிறேன். ஒத்திக்காரர் ரூபாயைக் கொடுத்துவிட்டு நிலத்தை அனுபவிப்பார், வட்டி கிடையாது. ரூபாய் திரும்பினால் சொத்தும் திரும்பும். “ஒத்தி வச்சா நெலம் போயிருமா? ரூவாயக் கொடுத்தாத் திருப்பிரலாம்” என்று கரிசல் சம்சாரி சொல்வது நம்பிக்கை மட்டுமல்ல, சட்டமும்கூட. 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 60ஆம் பிரிவு தருவது இந்த மீட்கும் உரிமையைத்தான். ஒத்தி வைத்து முப்பது வருஷம் ஓடிவிட்டது என்பதாலேயே அந்த உரிமை செத்துவிடாது என்று உச்சநீதிமன்றம் 2014இல் சொல்லியிருக்கிறது.

சர்ஃபேசி இந்த வரிசையைத் தலைகீழாக்கியது. முன்பு வங்கி வழக்குப் போட்டு நிரூபிக்க வேண்டும். இப்போது 60 நாள் நோட்டீஸ்; அதற்குள் கட்டாவிட்டால் நீதிமன்றத்தின் தீர்ப்பு இல்லாமலே வங்கி சுவாதீனம் எடுக்கலாம், மாவட்ட ஆட்சியரின் உதவியையும் கேட்கலாம். உள்ளூர் சிவில் கோர்ட்டுக்குப் போக வழியில்லை. மதுரையிலுள்ள கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குத்தான் போக வேண்டும். பாக்கியில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் அங்கே நுழையலாம் என்றிருந்த நிபந்தனையை 2004இல் மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் ரத்து செய்தது. சட்டத்தை அப்படியே நிற்கவிட்டது. 2016 திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியாகும் நாளோடு மீட்கும் உரிமை முடிந்துவிடுகிறது. 2023இல் உச்சநீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதாவது நாம் வாசிக்காமல் புரட்டிவிடுகிற அந்தப் பக்கமே உரிமையைக் கொல்கிற இடம்.

விவசாய நிலத்துக்கு இச்சட்டம் பொருந்தாது. ஆனால் அதே சம்சாரியின் வீட்டுக்குப் பொருந்தும். அவர் குடியிருக்கும் வீட்டை ஜப்தி செய்யக்கூடாது என்கிறது சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு. அவரே மனசறிந்து அடமானம் வைத்த வீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு எட்டாது. ‘மனசறிந்து’ என்ற சொல்லைத்தான் கட்டுடைக்க வேண்டும். மழை பொய்த்த வருஷத்தில், அச்சடித்த படிவத்தில் போடுகிற கையெழுத்தில் சம்மதம் எவ்வளவு, நிர்ப்பந்தம் எவ்வளவு?

இந்த அமைப்பின் வாசலுக்கே வரமுடியாதவர்களும் உண்டு. வங்கி மூலப்பத்திரம் கேட்கும், பட்டா கேட்கும், வில்லங்கச் சான்று கேட்கும். நத்தத்தில் தலைமுறையாகக் குடியிருப்பவரிடம் பத்திரமே இருக்காது. அரசு தலித்துகளுக்குக் கொடுத்த மனைப் பட்டாக்களில் விற்கத் தடை சொல்லும் நிபந்தனைகள் இருக்கும். மிச்சமிருப்பது கந்துவட்டி. 2003இலேயே அதைத் தடைசெய்யும் சட்டம் வந்துவிட்டது. கடன் கிடைக்கிற வேறு வாசலை அந்தச் சட்டம் திறக்கவில்லை.

நடுவில் மாட்டிக்கொள்கிறவர், தீப்பெட்டி ஆபீஸில் வேலைபார்த்துச் சேர்த்த காசைக் கொடுத்து வீட்டை ஒத்திக்குப் பிடித்தவர். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட ஒத்தி பதிவாகியிருக்க வேண்டும் என்பது 1882 சட்டம். இங்கே பல ஒத்திகள் முத்திரைத்தாளோடு நின்றுவிடுகின்றன. வீட்டுக்காரர் ஏற்கனவே பத்திரத்தை வங்கியில் வைத்திருந்தால், அந்தத் தாள் வங்கியின் முன் நிற்காது.

ஆகவே தோழர்களுக்குச் சொல்ல வேண்டியவை சில உண்டு. ஒத்திக்குப் போகுமுன் வில்லங்கம் பார்க்கச் சொல்லுங்கள், பதிவு செய்யச் சொல்லுங்கள். 60 நாள் நோட்டீஸ் வந்தால் எழுத்தில் ஆட்சேபம் கொடுக்க வேண்டும். வங்கி 15 நாளில் பதில் தந்தாக வேண்டும். சுவாதீனம் எடுத்தால் 45 நாளுக்குள் மதுரைக்குப் போக வேண்டும். ‘பேங்க்காரன் வந்தாப் பேசிக்கலாம்’ என்று காத்திருக்கிற நாட்களும் இந்தக் கணக்கில்தான் கழிகின்றன.