வழவழப்பான விரிப்பில் மண் தங்குமா?

உக்குவளை போன்ற மலைப்பாங்கான இடங்களில் மரக்கறிப் பயிருக்கு நீர் சேமிக்கக் குளம் வெட்டி, பிளாஸ்டிக் விரிப்பு இட்டு, வெயில் படாதவாறு அதனை மண்ணால் மூடுவதுண்டு. சில நாளில் அம்மண் வழுக்கி இறங்கினால் விரிப்புக் கிழியும். சிறுபோகத்துக்கான நீரும் கசிந்தொழியும்.

மணல், மணலின்மேல் ஏறத்தாழ 30 பாகைச் சரிவு வரை தங்கும். வழவழப்பான விரிப்பின்மேல் ஏறத்தாழ 18 பாகையிலேயே வழுக்கத் தொடங்கும். ஈரக்களி அதனினும் குறைந்த சரிவில் வழுக்கும். மணலின் துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். வழவழப்பான விரிப்பிலோ அவற்றுக்குப் பிடி இல்லை. 1988ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் கெட்டில்மன் குன்றுகளில் பெருங்கழிவுக் குவியலொன்று அடிவிரிப்பின் வழியே இவ்வாறே சரிந்தது.

ஆதலின், கமக்காரர் குளத்தின் உட்கரையை ஓரடி உயரத்துக்கு நாலடி அகலமாகச் சாய்த்து வெட்டுதல் வேண்டும். சொரசொரப்பான விரிப்பே ஏற்றது. அதன் மேல்விளிம்பைக் கரைமேல் கான் வெட்டிப் புதைத்து, களியை விலக்கி, மணற்பாங்கான மண்ணை அடியிலிருந்து மேல்நோக்கி இடுதல் நன்று.